பீட் உருளைகளை எறிவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

மாதிரிக் காப்பக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குளிர்பதன அறையில் இடம் போதவில்லை என்பதால் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பீட் உருளைகள் (சதுப்பில் அடுக்கடுக்காகச் சேர்ந்த, பாதி மக்கிய தாவரப் படிவான பீட்டை மேலிருந்து கீழாகத் துளைத்தெடுத்த மாதிரிகள்) அப்புறப்படுத்தப்படும் என்ற உங்கள் சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தபோது, அலமாரிகள் ஏற்கெனவே காலியாகிவிட்டிருந்தன. இட நெருக்கடி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எறிவதற்கு முன் அவற்றில் வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆய்வு முடிந்து கட்டுரையும் வெளிவந்துவிட்ட மாதிரிகள்தானே என்பது உங்கள் தரப்பு. முடிந்துவிட்டது என்று யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை.

இறந்த பின்னும் பீட்டில் ஓட்டை விட்டுச்செல்லும் ஒற்றைச் செல் உயிர்களான ஓடுள்ள அமீபாக்களைக் கொண்டு பழைய நீர்மட்டத்தைக் கணக்கிடும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரம் தேங்கிய இடத்தில் ஆர்ச்செரெல்லா ஃபிளேவம் என்ற அமீபா இனம் பெருகும். காய்ந்த இடத்தில் ஹயலோஸ்ஃபீனியா சப்ஃபிளேவா மிகும். மழையை மட்டுமே நம்பி நிற்கும் சதுப்பில், எந்த அடுக்கில் எந்த ஓடு எத்தனை என்று எண்ணினால், அந்தக் காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணும் வேலை எப்படிப்பட்டது என்பது குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சிறு துண்டு பீட்டை நீரில் கொதிக்கவைத்து, 300 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்து, 15 மைக்ரோமீட்டர் சல்லடையில் தங்குவதை எடுத்து ஸ்லைடில் பரப்புவோம். ஒரு மாதிரிக்கு 150 ஓடுகளாவது எண்ண வேண்டும். மேல் அடுக்கென்றால் சரி, வேகமாக முடிந்துவிடும். நன்றாக மக்கிப்போன அடுக்கில் ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் பத்து ஓடு தேறாது. இன்னொரு ஸ்லைடு, அப்புறம் இன்னொன்று. பாதி உடைந்த ஓட்டின் வாய் வட்டமா நீள்வட்டமா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரியும். இதனால்தான் உருளையின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் எண்ணுவதில்லை. நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்று என்று எடுக்கிறோம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் பீட்டில் அது 40 ஆண்டு இடைவெளி. பத்து ஆண்டு நீடித்த வறட்சி ஒன்று அந்த இடைவெளிக்குள் முழுசாக ஒளிந்துகொள்ள முடியும். பின்னால் எண்ணலாம் என்று நாங்கள் விட்டுவைத்த அந்தத் துண்டுகளைத்தான் நீங்கள் எறிந்திருக்கிறீர்கள்.

திரும்பப் போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். எங்கே போவது? எறிந்த உருளைகளில் ஒன்றை எடுத்த சதுப்பு இன்று சதுப்பாகவே இல்லை. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, மேல் பீட்டைத் தோட்ட மண்ணுக்காக வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தின் கடந்த சில நூற்றாண்டுகள் உங்கள் அலமாரியில் மட்டும்தான் இருந்தன.

பழைய உருளைகளிடம் புதுக் கேள்விகளும் கேட்கலாம். பாக்டீரியாக்களின் செல் சவ்வுக் கொழுப்பிலிருந்து பழைய வெப்பநிலையைக் கணிக்க, பீட்டுக்கென்றே தனி அளவீடு 2017இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் உருளை எடுத்தவர்கள் இப்படியொரு கேள்வி வரும் என்று அறிந்திருக்க முடியாது. ஐரோப்பாவின் 31 பீட் நிலங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்து, அண்மை நூற்றாண்டுகளில் அவை பரவலாக வறண்டு வருவதை 2019இல் ஒரு குழு காட்டியது. பலர் பல இடங்களில் எண்ணி வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

புதிய களப்பயணத்துக்குப் பணம் கிடைக்கிறது, புதிய கருவிக்கும் கிடைக்கிறது. எடுத்து வந்ததைப் பாதுகாக்க ஓர் அலமாரி கேட்டால் மட்டும் எவரிடமும் நிதித் தலைப்பு இல்லை. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே இருந்தும், காடுகளின் மரம் செடிகள் அனைத்தையும்விட அதிகக் கார்பனைத் தேக்கி வைத்திருப்பவை இந்தப் பீட் நிலங்கள். அவற்றை வடிப்பதற்குக் கையெழுத்திடுபவர்களோடு வாதாடியே களைத்துப் போகிறோம். காப்பகத்தோடும் வாதாட வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை பழையதுதான்: எறிவதற்கு முன் கேளுங்கள். மீதமுள்ள உருளைகளின் பட்டியலை வெளியிடுங்கள். எடுத்தவர்களுக்கும் வேறு ஆய்வகங்களுக்கும் ஆறு மாத அவகாசம் கொடுங்கள். முழு உருளைக்கு இடமில்லை என்றால், எண்ணப்படாத துண்டுகளையாவது வைத்திருங்கள். வடிக்கப்பட்ட, வெட்டப்பட்ட சதுப்புகளிலிருந்து வந்தவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அடுத்த அலமாரியைக் காலி செய்யும் தேதி சுற்றறிக்கையில் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த உருளைகளில் ஓடு எண்ணியவர்களில் ஒருவர்