ஹெல்மெட் சட்டம் வேண்டாம் என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பைக், சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மசோதாவை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதாகப் போனில் சொன்னாய். "என் மண்டை, என் இஷ்டம். அரசாங்கத்துக்கு என்ன வந்தது?" என்றும் கேட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. நாலு நாளாக அதே நினைப்பு. அதனால்தான் இந்தக் கடிதம்.

2017-இல் நான் பைக்கோடு விழுந்தது உனக்குத் தெரியும். அன்று காலை முழுக்க நான் ஹெல்மெட் போடவில்லை என்பது உனக்குத் தெரியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன், அங்கே பைக்குக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. பக்கத்து மாநிலமான மிசூரியில் அப்போது எல்லாருக்கும் கட்டாயம். இரண்டுக்கும் நடுவே ஓடும் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். போலீஸ் பிடிக்கும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. ஆற்றைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு வளைவில் சரளைக் கல்லில் டயர் வழுக்கியது. வலது பக்கத் தாடை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட் தேய்ந்து வெள்ளையாகிக் கிடந்தது. என் புத்தி அன்று என்னைக் காப்பாற்றவில்லை தம்பி, அந்த மாநிலத்தின் சட்டம்தான் காப்பாற்றியது. 2020-இல் மிசூரியும் 26 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மருத்துவக் காப்பீடு இருந்தால் ஹெல்மெட் வேண்டாம் என்று தளர்த்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1969-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட அதைச் சொல்லித்தான் ஹெல்மெட் சட்டத்தை ரத்து செய்தது. 1966-இல் அமெரிக்க மத்திய அரசு நெடுஞ்சாலை நிதியைக் காட்டி நெருக்கியதால்தான் மாநிலங்கள் சட்டம் போட்டன. 1976-இல் அந்தப் பிடி தளர்ந்ததும் பல மாநிலங்கள் பின்வாங்கின. ஆனால் 1972-இல் மாசசூசெட்ஸ் மாநில ஹெல்மெட் சட்டத்தை எதிர்த்த வழக்கில் நீதிபதிகள் கேட்டது வேறு கேள்வி. விழுந்தவனைச் சாலையிலிருந்து தூக்குவது யார், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது யார், அவனால் இனி வேலை செய்ய முடியாவிட்டால் அவனையும் குடும்பத்தையும் தாங்குவது யார்? நீ விழுந்தால் அம்மாவும் நானும்தான் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்போம். அப்புறம் எப்படி அது உன் மண்டை மட்டும் ஆகும்?

காப்பீடு இருக்கிறதே என்பாய். ஃபுளோரிடா 2000-இல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டத்தைத் தளர்த்தியபோது கேட்ட மருத்துவக் காப்பீடு 10,000 டாலர். மிச்சிகன் 2012-இல் கேட்டது 20,000. மண்டையில் அடிபட்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவனுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்?

ஹெல்மெட் போட்டால் சாவே வராது என்று சொல்ல மாட்டேன். ஹெல்மெட் இல்லாமல் இறக்கும் 100 பைக் ஓட்டிகளில் 37 பேர், போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. உள்ளே இருப்பது என்னவோ தெர்மாகோல்தான். ஆனால் தலை மோதும்போது அது நசுங்குகிறது, அடியின் வேகம் அந்த நசுங்கலில் குறைகிறது. அதனால்தான் ஒருமுறை அடிபட்டதைத் திரும்பப் போடக் கூடாது. வெறும் ஒப்புக்கு விற்கும் மெல்லிய கிண்ணம் மாதிரி ஹெல்மெட்டுகளில் இந்த நசுங்கும் பகுதி இருப்பதே இல்லை. வாங்கினால் டி.ஓ.டி., அதாவது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரத்தில் வாங்கு.

சரி, சைக்கிள். இங்கே நான் பாதி உன் பக்கம். எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட் கட்டாயம் என்று எந்த மாநிலத்திலும் இல்லை. கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உண்டு. 2015-இல் அங்கே எல்லாருக்கும் என்று ஒரு மசோதா வந்து, கடைசியில் ஆய்வு நடத்தலாம் என்று சுருங்கியது. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில் எல்லாருக்குமான விதி இருந்தது. வீடில்லாதவர்களையும் கறுப்பின மக்களையும்தான் அது அதிகம் வதைக்கிறது என்று 2022-இல் நீக்கிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. குழந்தைகளுக்குச் சட்டம் இருக்கட்டும், வாங்க முடியாத வீட்டுக்கு அரசே ஹெல்மெட் கொடுக்கட்டும். வேலைக்குச் சைக்கிளில் போகும் ஏழை மனிதரை நிறுத்தி அபராதச் சீட்டு எழுத வேண்டாம்.

மசோதா மீதான பொது விசாரணையில் பேசப் போவதாகச் சொன்னாயே, கட்டாயம் போ. சைக்கிள் பிரிவைத் திருத்தச் சொல்லிப் பேசு, நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். பைக் பிரிவை மட்டும் அப்படியே விட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்