பெரிய அதிபர் யார் என்று உன்னைக் கேட்டால்

அன்புள்ள சுபா,

நீ அமெரிக்கக் குடிமகள் ஆன சந்தோஷத்தில் அப்பா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டார். சர்க்கரை நோயோடு தானும் இரண்டைச் சாப்பிட்டார், அது வேறு கதை. போன வாரம் ஃபோனில் கேட்டாயே, "அமெரிக்க அதிபர்கள்லயே பெரிய ஆள் யாரும்மா?" என்று. ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் அதை வைத்துப் பெரிய சண்டையே நடந்ததாகச் சொன்னாய். ஓட்டுரிமை வந்துவிட்டது, இனி கருத்துக்கணிப்புக்காரர்கள் உன்னையும் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே ஓடுவது இரண்டு பட்டியல். ஒன்று ஜனங்கள் சொல்வது, இன்னொன்று வரலாற்றுப் பேராசிரியர்கள் போடுவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

முதலில் ஜனங்கள். 2011 பிப்ரவரியில் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் மிகச் சிறந்த அதிபர் யார் என்று கேட்டது. ரேகன் 19 சதவீதம், லிங்கன் 14, கிளின்டன் 13, கென்னடி 11, வாஷிங்டன் 10. நாட்டை உருவாக்கியவர் ஐந்தாம் இடத்தில்! முதலிடம் பிடித்தவருக்கே ஐந்தில் ஒரு பங்கு ஆதரவுகூட இல்லை என்பதையும் கவனி. பெயர்களை வரிசையாகப் படித்துக் காட்டிக் கேட்பதில்லை. சட்டென்று வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் பதில். ஹென்றி ரோடிகர் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்க மாணவர்களிடம் நினைவில் உள்ள அதிபர்களை எழுதச் சொல்லிப் பல ஆண்டுகள் சோதித்தார். முதல் சிலரும் கடைசிச் சிலரும் நடுவில் லிங்கனும் நினைவில் இருக்கிறார்கள், மற்றவர்கள் கரைந்துபோகிறார்கள். நினைவிலேயே இல்லாதவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

அப்புறம் கட்சி. அப்போது குடியரசுக் கட்சிக்காரர்கள் அதிகமாகச் சொன்ன பெயர் ரேகன். ஜனநாயகக் கட்சிக்காரர்களின் ஓட்டு கிளின்டன், கென்னடி, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஒபாமா என்று சிதறிவிட்டது. ரேகன் முதலிடம் வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதோடு, அவர் பெயர் மறந்துவிடாமல் இருக்கத் திட்டம் போட்டே வேலை செய்தார்கள். குரோவர் நார்க்விஸ்ட் என்பவர் 1997இல் ஓர் இயக்கம் தொடங்கினார். நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏதாவது ஒன்றுக்கு ரேகன் பெயர் வைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அடுத்த ஆண்டே உங்கள் வாஷிங்டன் உள்ளூர் விமான நிலையம் ரேகன் பெயருக்கு மாறியது. மாப்பிள்ளைக்கு ரேகன்மேல் பிரியம் அதிகம் என்று எனக்குத் தெரியும். சோவியத் தலைவரோடு உட்கார்ந்து அணு ஏவுகணைகளைக் குறைத்தவர் என்று நானும் மதிக்கிறேன். ஆனால் 1986இல் ஆவணமில்லாமல் இருந்த 27 லட்சம் பேர் சட்டப்படி அங்கே தங்க வழிசெய்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அதே ரேகன்தான். இன்றைக்கு அவர் படத்தை மாட்டியிருக்கிறவர்களில் எத்தனை பேர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்.

பேராசிரியர்களின் பட்டியல் 1948இல் தொடங்கியது. ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 55 அறிஞர்களிடம் கேட்டு 'லைஃப்' பத்திரிகையில் வெளியிட்டார். அப்போதே லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூவரும் உச்சியில். இன்றுவரை பெரும்பாலான பட்டியல்களில் அந்த மூவர்தான் உச்சியில், அவர்களுக்குள் இடம் மாறும். இப்போது சி-ஸ்பான் தொலைக்காட்சி நடத்தும் ஆய்வில் பத்துத் தலைப்புகளில் மார்க் போடச் சொல்கிறார்கள்: நெருக்கடியில் தலைமை, பொருளாதாரம், எல்லோருக்கும் சம நீதி, இப்படி. 2021இல் 142 பேர் மார்க் போட்டார்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போய் உட்கார்ந்தவளுக்கு இது நன்றாகவே புரிகிறது. அதே தாளுக்குக் காலையில் ஒரு மார்க், சாப்பிட்டு வந்தபின் ஒரு மார்க் விழும்.

நம்பாவிட்டால் யுலிசஸ் கிராண்டைப் பார். உள்நாட்டுப் போரை வென்ற தளபதி, பிறகு அதிபர். நான் படித்த காலத்துப் புத்தகங்களில் அவருக்கு இரண்டே வரி: குடிப்பார், சுற்றியிருந்தவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். 2000இல் சி-ஸ்பான் பட்டியலில் 33ஆம் இடம். 2021இல் 20. இறந்து நூறு வருஷத்துக்குமேல் ஆனவர் இருபது வருஷத்தில் புதிதாக என்ன செய்துவிட்டார்? ஒன்றும் இல்லை, படிக்கிறவர்கள் மாறினார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொலை செய்துவந்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ராணுவத்தையும் நீதிமன்றத்தையும் வைத்து ஒடுக்கியவர் அவர். அடிமைமுறைக்காகப் போரிட்டுத் தோற்ற தெற்கு மாநிலங்களின் தோல்வியைப் புனிதமாக்கி எழுதிய ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்களுக்கு அது குற்றமாகத் தெரிந்தது. இன்றைக்கு அது சாதனை. எதிர்த் திசையில் போனவர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1948இல் மாபெரும் தலைவர்களில் ஒருவர், 2021இல் 22ஆம் இடம். பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து விரட்ட 1830இல் சட்டம் போட்டு, செரோக்கி இனத்தவர் ஆயிரக்கணக்கில் வழியிலேயே சாகக் காரணமானவர். இவ்வளவு நாள் கழித்தாவது அது கணக்கில் வந்ததே. இருபது டாலர் நோட்டில் மட்டும் இன்னும் இருக்கிறார்.

பதவியில் இருக்கும்போது வரும் ஆதரவு எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பா புஷ் 1991இல் வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீதத்தில் இருந்தார்; அடுத்த வருஷமே தேர்தலில் தோற்றார். மகன் புஷ் 2001 செப்டம்பரில் 90, 2008இல் 25. ட்ரூமன் 1952இல் 22 சதவீதத்துக்குப் போனார், ஊழலில் மாட்டிய நிக்சன் ராஜினாமா செய்தபோதுகூட 24 இருந்தது. அந்த ட்ரூமனைப் பேராசிரியர்கள் இன்று ஆறாம் இடத்தில் வைத்திருக்கிறார்கள்: போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம், ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழித்த உத்தரவு. எல்லாம் சரி. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் வகுப்பில் நடத்தியவளாக என்னால் அவரை ஆறாம் இடத்தில் வைக்க முடியவில்லை. 1945இல் அமெரிக்கர்களில் 85 சதவீதம் பேர் அணுகுண்டு போட்டது சரி என்றுதான் சொன்னார்கள்.

கென்னடி விஷயம் வேறு. 2023இல் கேலப் கேட்டபோது அவரை 90 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். வேறு யாரும் கிட்டக்கூட வரவில்லை. மூன்று வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. 46 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் மேல் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. அதோடு, கணவர் இறந்த சில நாட்களுக்குள் ஜாக்கி ஒரு பத்திரிகையாளரைக் கூப்பிட்டு அந்த ஆட்சியை பழங்கதையில் வரும் ஆர்தர் மன்னரின் பொற்கால அரசவையான காமலாட்டுக்கு ஒப்பிட்டுப் பேசினார். அந்தப் படம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் கென்னடி கேட்டு நிறைவேறாத சிவில் உரிமைச் சட்டத்தை 1964இல் காங்கிரஸில் நிறைவேற்றிக் காட்டியவர் அவருக்குப் பின் வந்த லிண்டன் ஜான்சன்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இந்த ஜான்சனைப் பற்றித்தான். 1965 அக்டோபர் 3ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து அவர் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று கோட்டா. 1946இல் இந்தியாவுக்கு ஒதுக்கியது வருஷத்துக்கு 100 பேர்! முழு இந்தியாவுக்கும். ஜான்சனின் சட்டம் அந்த நாட்டுவாரிக் கோட்டாவைத் தூக்கி எறிந்தது. நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் அங்கே போகத் தொடங்கியது அதற்கப்புறம்தான். நீ அங்கே வீடு வாங்கிக் குடியிருப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையைப் பாதிக்காது என்று அன்றைக்கு அவரே பேசினார். போட்டவருக்கே தெரியவில்லை. பேராசிரியர்கள் அவரைப் பத்து பதினொன்றில் வைக்கிறார்கள், சம நீதியில் லிங்கனுக்கு அடுத்த இடம். ஜனங்களிடம் கேட்டால் அவர் பெயர் வாயில் வருவதே அபூர்வம். உங்கள் ஆபீஸ் சண்டையில் யாராவது சொன்னார்களா?

காரணம் வியட்நாம். 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில். கென்னடி இறந்த புதிதில் 80 சதவீதத்தை நெருங்கிய ஆதரவு 1968இல் 35க்கு வந்தது. மறுபடியும் நிற்கமாட்டேன் என்று அவரே அறிவித்தார். நன்றிக்காக மட்டும் மார்க் போட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. நிக்சனை 1971 பங்களாதேஷ் போரின்போது நம்மை மிரட்ட வங்காள விரிகுடாவுக்குக் கப்பற்படை அனுப்பியவர் என்று இன்றும் வைகிறவள் நான். அமெரிக்கர்களுக்கு அந்தச் சம்பவம் ஞாபகமே இல்லை. அவரவர் வீட்டு வாசலில் நடந்ததுதான் அவரவர் கணக்கு என்றால், வியட்நாம்காரர்கள் கணக்கையும் நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

என் விடை, சந்தேகமில்லாமல் லிங்கன். 1864 ஆகஸ்டில் தான் தோற்கப்போவதாக நினைத்து, அதை ஒரு தாளில் எழுதி மடித்து, படிக்காமலே கையெழுத்துப் போடுங்கள் என்று மந்திரிகளிடம் நீட்டியவர். அடிமைமுறை ஒழிப்பை விட்டுக்கொடுத்தால் சமாதானம் வரும், ஓட்டும் வரும் என்று சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கிய நேரம் அது. கொடுக்கவில்லை. ஜான்சனுக்கு எத்தனாவது இடம் என்பதை நீயே முடிவு செய். அவர் தன் தொலைபேசிப் பேச்சுகளில் பலவற்றைப் பதிவுசெய்து வைத்திருந்தார், இணையத்தில் கேட்கலாம். 1964 மே மாதம் பண்டி என்ற ஆலோசகரிடம் வியட்நாம் பற்றிப் பேசுவதைத் தேடிக் கேள். போரிடும் அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, வெளியே வரவும் முடியாது என்கிறார். தெரிந்தேதான் அடுத்த வருஷம் படையை அனுப்பினார். அதைக் கேட்டுவிட்டு எத்தனை மார்க் போடுகிறாய் என்று எழுது. மாப்பிள்ளையும் தனியாகப் போடட்டும், நீ சொல்லிக் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா