நாளை ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க கவனத்துக்கு

மஞ்சக்குப்பம் தெருக் குழு உறவுகளே, வணக்கம். நம்ம செயலாளரோட அம்மாவைப் பார்க்க பாண்டிக்கு வர்றவங்க ஐசியூ வாசல்லயே செல்போனை ஆஃப் பண்ணிடுங்க. சைலன்ட்ல போட்டா போதாது. சிக்னல் குறைஞ்ச இடத்துலதான் போன் டவரைத் தேடி அதிக சக்தியோட அலை அனுப்பும். பழைய ஜிஎஸ்எம் (2ஜி) போன்னா 2 வாட் வரை போகும். அந்த அலை கருவிகளோட வேலையைக் குழப்பலாம், அதனால வென்டிலேட்டர் (மூச்சுக் கருவி), மருந்து ஏத்துற பம்ப் பக்கத்துல அது வேண்டாம். வராண்டாவில் தாராளமா பேசலாம்.

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்குற கருவி) வச்சிருக்கிற பெரியவர் சட்டைப் பையில் போன் வைக்கக் கூடாது, 15 செ.மீ. தள்ளியே இருக்கணும்.

போன வாரம் நம்ம ஆள் ஒருத்தர் (பேர் வேண்டாம், அவருக்கே தெரியும்) ஸ்பீக்கர்ல பேச, பக்கத்துக் கட்டில் பாட்டி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துட்டாங்க. போட்டோ, வீடியோ கால் அறவே வேண்டாம்.

வேன் காலை 9 மணிக்கு.