கைப்பிடியைச் சுற்றிப் பார்க்காமலே மார்க்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சியில், எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ‘கணினி’ பிரிவில் ஒரு பித்தளைக் கருவியை வைத்தாள். ஆறு பல்சக்கரங்கள், ஒரு கைப்பிடி, முகப்பில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஆளுக்கொரு முள், சுற்றிலும் 27 நட்சத்திரங்களின் பெயர். நடுவர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, “வயர் எங்கம்மா?” என்றார். இல்லை என்றதும், “பொம்மைக் கடிகாரம்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

கிரேக்க நாட்டின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலில் 1901இல் கிடைத்த வெண்கலக் கருவியின் ஒரு பகுதிக்கு மாதிரிதான் அது. சூரியனும் சந்திரனும் வானில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிய அந்தப் பழைய கருவிக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல். மிஞ்சிய துண்டுகளிலேயே 30 சக்கரங்கள் இருக்கின்றன. எக்ஸ்ரே படங்களை வைத்துப் பற்களைக் கணக்கிட்டு டெரிக் பிரைஸ் என்ற ஆய்வாளர் 1974இல் விவரம் வெளியிட்டார். சூரிய முள் 19 சுற்று, அதாவது 19 வருஷம், சுற்றினால் சந்திர முள் 254 சுற்று சுற்றும். பத்தொன்பதாவது பிறந்தநாளில் தேதியும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கணக்குதான்.

254இல் பாதி 127. அது பகா எண், சின்ன எண்களின் பெருக்கலாக உடைக்க முடியாது. அதனால் 127 பல்லுக்கு ஒரு சக்கரம் வெட்டியே தீரவேண்டும். செல்லூரில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன் நான். வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்க உதவும் என் டிவைடிங் ஹெட்டில் 127 பங்குக்கான துளைத்தட்டு கிடையாது. யோசித்துப் பார்த்து, 254 மி.மீ. நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, 2 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டோம். பட்டையின் இரு முனையும் சரியாக முட்டுகிற அளவுக்குத் தகட்டை வட்டமாகக் கடைந்தேன், 81 மி.மீ. விட்டத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது. பட்டையை விளிம்பில் ஒட்டி, கோட்டுக்குக் கோடு முக்கோண அரத்தால் ராவினாள் பேத்தி. பழைய கருவியிலும் பற்கள் முக்கோணம்தான், எனவே அரம் போதும். நான்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு விரலில் கொப்புளம்.

பக்கத்து மேசையில் கடையில் வாங்கிய கிட்டை மாட்டி விளக்கெரிய வைத்த பையனுக்கு முதல் பரிசு. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மின்சாரம் இருந்தால்தான் கணினி என்று யார் சொன்னது? சக்கரங்களின் சுற்று விகிதமே விடையைச் சொல்லிவிடுகிறதே!

அடுத்த முறை வரும் நடுவர்கள் கைப்பிடியை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு மார்க் போடட்டும். 127இல் ஒரு பல் கொஞ்சம் தடித்துவிட்டது, அந்த இடத்தில் லேசாகச் சிக்கும். அதற்கு வேண்டுமானால் குறைத்துக்கொள்ளட்டும்.

– ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர், செல்லூர், மதுரை