பழைய செக்ரோல்களைக் கொளுத்தாதீர்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு தகர வில்லை இருக்கிறது. மேலே கயிறு கோர்க்க ஓர் ஓட்டை, நடுவில் ஓர் எழுத்தும் சில எண்களும். துரு தின்றதில் கடைசி எண் 3 ஆ 8 ஆ என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. விரலால் தடவினால் 8 போல இருக்கிறது. என் பூட்டி இதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தாள் என்று பெரியத்தை சொல்வார்.

1900களின் தொடக்கத்தில் வந்த முறை அது. வில்லை கழுத்தில் கிடந்தால் வழிச்செலவுக்குக் கையில் காசு வேண்டாம். எல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அந்தக் கடன் கூலியின் தலையில் விழும். அவள் ஆள் சேர்த்துக் கூட்டிவந்த எந்தக் கங்காணியோடு வந்தாள், எந்த ஊர்க்காரி, என்றைக்குப் பேர் பதிந்தாள் என்பதெல்லாம் இருந்தால் உங்கள் ஆபீஸ் அலமாரியில், செக்ரோல் (வேலையாட்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) போன்ற பழைய புத்தகங்களில்தான் இருக்கும்.

தேடி ஒரு தோட்டத்துக்குப் போனேன். கிளாக்கர் ஐயா நல்ல மனிதர், உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தார். "பழைய புத்தகமெல்லாம் கறையான் புடிச்சிருச்சு தம்பி. போன வருசந்தான் பின்னால போட்டுக் கொளுத்தினோம்" என்றார். இடத்தையும் காட்டினார். கருகிய மண்ணில் புத்தக அட்டையின் மூலை ஒன்று மட்டும் வேகாமல் கிடந்தது. அதை எடுத்து வரவும் மனம் வரவில்லை, விட்டுவரவும் மனம் வரவில்லை.

காகிதம் இல்லாததால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. 1948 குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவர், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களிடம் அத்தாட்சி ஏது? நாடற்றவர்களானோம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். பூட்டியின் மகன்மாரில் ஒருவர் கோத்தகிரிக்குப் போனார், என் தாத்தா இங்கேயே நின்றுவிட்டார். இன்று கோத்தகிரிப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "அண்ணே, நம்ம சொந்த ஊர் எதுண்ணே?"

70களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. கைமாறும்போதெல்லாம் எத்தனை புத்தகங்கள் தொலைந்தனவோ. மிஞ்சிய செக்ரோல், பேர்ப்பதிவு, பிறப்பு இறப்புப் புத்தகங்களையாவது எரிக்காதீர்கள். வைக்க இடமில்லையென்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். குடும்பத்தார் வந்து கேட்டால் ஒரு மணி நேரம் பார்க்கவிடுங்கள், போனில் படமெடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

தீபாவளி லீவில் இன்னும் இரண்டு தோட்டங்களுக்கு வருகிறேன். வில்லையையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் பூட்டப்பிள்ளை