கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதும் கராத்தே பயிற்சிதான்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

"கராத்தே கத்துக்கத்தானே அனுப்புறோம், பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்காங்களே டீச்சர்?" என்று போன வாரம் மூன்று அம்மாக்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதிலை எல்லோருக்குமே எழுதிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பழகுவது ஹெய்யான் ஷோடான் என்ற கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்ய வேண்டிய கராத்தே அசைவுகளின் தொகுப்பு. 21 அசைவுகள். ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இதோசு அன்கோ 1900களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைத்த ஐந்து கட்டாக்களில் ஒன்று. எளிதுதான், ஓர் இடத்தைத் தவிர. கையை உயர்த்தித் தலையைக் காக்கும் மேல்தடுப்பை மூன்றாவது முறை செய்து குரல் கொடுத்ததும், இடது காலைப் பின்னால் சுழற்றி, இடப்பக்கமாக முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். பிள்ளைகள் வலப்பக்கமாகக் கால்வாசி வட்டம் மட்டும் திரும்பிவிடுகிறார்கள். திசை சரியாகவே வரும், கால் மாறிவிடும். அதன்பிறகு எல்லாமே தடுமாற்றம்தான்.

இருபது முறை செய்ய வைத்தும் திருந்தாத இந்தத் தவறு, உட்கார வைத்த பிறகுதான் குறையத் தொடங்கியது. மாஸ்டர் மெதுவாக எண்ணுவார். பிள்ளைகள் மனத்துக்குள் ஒவ்வோர் அசைவாகச் செய்வார்கள். டிவியில் பார்ப்பதுபோல் அல்ல. தன் கண் வழியே, தன் உடம்புக்குள் இருந்து. எடை எந்தக் காலில்? பின்குதிகால் தரையில் அழுந்துகிறதா? பிறகு எழுந்து, கண்ணை மூடியபடியே நிற்பார்கள். "குதிகால் தரையில இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் தூக்கியிருக்கும்! அந்த வியப்பில் கற்றது மறப்பதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

கையை மடக்குவதாக நினைத்தாலே அந்தத் தசையில் மெல்லிய மின்துடிப்பு எழுவதை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1930களிலேயே கருவியில் பதிவு செய்திருக்கிறார். அதற்காக நினைப்பு மட்டும் போதாது. வியர்க்க வியர்க்கச் செய்யும் பயிற்சியும் வழக்கம்போல் உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படுக்கும் முன் பிள்ளை ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால், "தூங்கறியா?" என்று கேட்டுக் கலைக்காதீர்கள். செல்போன் வீடியோவை இப்போதைக்குக் காட்ட வேண்டாம்; எதிரே நிற்பவரைப் பார்த்தால் இடம் வலம் குழம்பும். முழங்கால் வலி என்று சொன்னால் மட்டும் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் பக்கத்தில் நீங்களும் ஒருமுறை கண்ணை மூடி நின்று பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்