தண்ணீர் குடிக்காத பெண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கந்தூரி விழாவில் சந்தனத்தைக் கூட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவரும் சந்தனக்கூடு அன்று, அம்மாவை அழைத்துக்கொண்டு நாகூர் தர்காவுக்குப் போய்வந்தேன். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி குறைந்தால் நாகூர் ஆண்டவருக்கு வெள்ளியில் கால் உருவம் வாங்கிப் போடுவதாக நேர்ந்திருந்தார். மன்னார்குடியில் பஸ் ஏறியதிலிருந்து அந்தச் சின்னத் தகட்டை முந்தானையில் முடிந்து, முடிச்சைப் பிடித்தபடியே வந்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் இது தலைமுறை வழக்கம். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடி மினாராவே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்ததுதானே.

மத்தியானம் ஷிபா குண்டா குளக்கரையில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், அம்மா தொடவில்லை. தண்ணீரும் வேண்டாமென்றார். "வேண்டாண்டி, அப்புறம் எங்கே போறது?" என்றார். அதன்பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். வயதான பெண்கள் பலர் பாட்டிலைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார்கள். தற்காலிகக் கழிப்பறைகள் என் கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, இரண்டிலும் தண்ணீர் இல்லை. வாசலில் நீண்ட வரிசை.

இரவானதும் தெருவில் கால் வைக்க இடமில்லை. நடுவில் மழை வேறு. கூட்டத்தில் அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. ஒரு சந்தில் திண்ணையில் இருந்த பெரியம்மா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "உள்ளே வாங்கம்மா" என்று கொல்லைப்புறம் வரை கைபிடித்துக் கூட்டிப்போனார். அங்கே ஏற்கெனவே ஆறேழு பெண்கள், எல்லாரும் வெளியூர். அந்த வீட்டு மருமகள் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து வைத்துக்கொண்டிருந்தார். "வருசா வருசம் இன்னைக்கு ராத்திரி நாங்க கதவைச் சாத்துறதில்லம்மா" என்றார் பெரியம்மா. அம்மா அங்கேதான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நகரா முரசுச் சத்தமும் சாம்பிராணிப் புகையுமாகக் கூடு வந்தபோது அந்தத் திண்ணையிலிருந்தே கும்பிட்டார்.

அந்த வீட்டாருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஆனால் இத்தனை ஆயிரம் பெண்களையும் திண்ணை வீடுகளே தாங்க வேண்டுமா? கந்தூரி 14 நாள் விழா. தேதி முன்கூட்டியே தெரியும். சந்தனக் கட்டையை அரசு இலவசமாகத் தருகிறது, சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, பாதுகாப்புக்குப் போலீஸ் நிற்கிறது. இவற்றோடு பெண்களுக்குத் தண்ணீர், விளக்கு, தாழ்ப்பாள் உள்ள நடமாடும் கழிப்பறைகளையும் சேர்த்துவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து கூடு வரும் வழி நெடுக அவை நிற்க வேண்டும், எங்கே இருக்கின்றன என்று பெரிய எழுத்தில் பலகையும் வேண்டும். ஹிஜ்ரி கணக்கில் விழா ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வரும். ஆகவே, வயதானவர்கள் ஒதுங்க ஒரு கூரையும் போட்டுத் தர வேண்டும்.

கொடியேற்றத்துக்கு முன் ஏற்பாட்டுக் கூட்டம் நடத்துகிறவர்கள், வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அடுத்த கந்தூரிக்கும் அம்மா வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.